ஆட்டத்தின் விதியை எழுதுவது யார்?

வீடியோ கேம் என்பது அடிப்படையில் விதிகளின் தொகுப்பு. ஆடுபவர் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது, எப்போது வெற்றி, எப்போது தோல்வி என்ற கணக்குதான் அதன் உள்ளடக்கம். படமும் இசையும் கதையும் அந்தக் கணக்கின் மேல் ஏறி நிற்பவை. ஒரு கேமின் அரசியலைத் தேட வேண்டிய இடமும் அந்தக் கணக்குதான். எதிரி என்று யாரைக் காட்டுகிறார்கள், பொதுமக்களைக் காப்பாற்றினால் மதிப்பெண் உண்டா, சண்டையைத் தவிர்க்க வழி விட்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர், உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய ஒரு கருத்தையும் சேர்த்தே முடிவு செய்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் இந்த முடிவு முதலில் தனி மனிதர்களின் கையில் இருந்தது. பிறகு பெருநிறுவனங்களிடம் போனது. இன்று அரசுகளும் அதற்காகப் போட்டியிடுகின்றன.

ஆய்வகத்தில் பிறந்த ஆட்டம்

வீடியோ கேமின் தொடக்கமே பனிப்போர்க் கால ஆய்வகங்களில்தான். 1958 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பொதுமக்களுக்காக, வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஒரு டென்னிஸ் ஆட்டத்தைச் செய்து வைத்தார். ஆசிலோஸ்கோப்பின் சின்னத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி வலையைத் தாண்டிப் போய்வரும். குமிழைத் திருகி, பொத்தானை அழுத்தி அதை அடிக்க வேண்டும். புள்ளியின் பாதையைக் கணக்கிட்டது, ஏவுகணைப் பாதைகளைக் கணக்கிடவும் பயன்பட்ட வகை அனலாக் கணினி. ஹிகின்பாதம் இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் மின்னணுப் பிரிவில் வேலை செய்தவர். போர் முடிந்தபின் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, அணு ஆயுதப் பரவலைத் தடுக்கப் பாடுபட்டவர்.

1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் உருவாக்கிய 'ஸ்பேஸ்வார்', விண்வெளிப் போட்டி சூடுபிடித்திருந்த காலத்தின் குழந்தை. ஒரு விண்மீனின் ஈர்ப்பில் சிக்காமல் இரு கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்த வேண்டும் என்பதே ஆட்டம். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாட முடியும் என்று காட்டிய ரால்ஃப் பேர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1938இல் குடும்பத்தோடு தப்பி வந்த யூதர். ராணுவ ஒப்பந்தங்களை எடுத்துச் செய்த ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது அவர் வடிவமைத்த பெட்டிதான், 1972இல் 'மேக்னவாக்ஸ் ஒடிசி' என்ற பெயரில் முதல் வீட்டு கேம் கருவியாகக் கடைக்கு வந்தது.

தோற்பதற்கென்றே ஓர் ஆட்டம்

அரசியல் கருத்தை விதியாகவே வடித்துத் தந்த பழைய கேம்களில் முதலிடம் பெறத் தகுதியானது அட்டாரி நிறுவனத்தின் 'மிசைல் கமாண்ட்'. 1980இல் வெளிவந்த இதை வடிவமைத்தவர் டேவ் தியூரர். திரையின் அடியில் ஆறு நகரங்கள், மூன்று ஏவுதளங்கள். மேலிருந்து எதிரியின் ஏவுகணைகள் மெல்லிய கோடுகளாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஆடுபவர் டிராக்பாலை உருட்டிக் குறி வைத்து, வானிலேயே அவற்றை வெடிக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் பத்து ஏவுகணைகள்தான். அவை தீர்ந்துவிட்டால், அந்தச் சுற்று முடியும்வரை நகரங்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த ஆட்டத்தில் திருப்பித் தாக்க முடியாது. எதிரி நாடு எது என்பதும் தெரியாது. ஆடுபவரைத் தாக்குபவராக வைக்க தியூரர் விரும்பவில்லை. தற்காப்பு மட்டுமே அவர் ஏற்றுக்கொண்ட விதி. எவ்வளவு திறமையாக ஆடினாலும் வேகம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கடைசி நகரமும் அழிந்துவிடும். அப்போது திரையில் வருவது வழக்கமான 'கேம் ஓவர்' அல்ல, 'தி எண்ட்'. இதை உருவாக்கிய மாதங்களில் நகரங்கள் குண்டுவீச்சில் அழிவதாகத் தமக்குக் கொடுங்கனவுகள் வந்ததாக தியூரர் பின்னாளில் கூறியிருக்கிறார். அணு ஆயுதப் போரில் வெல்பவர் யாரும் இல்லை என்பதை எந்த வசனமும் இல்லாமல் நாணயம் போட்டு ஆடும் ஓர் எந்திரம் சொன்னது.

அதே ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட 'பேட்டில்ஸோன்' வேறு பாதையில் போனது. அந்த டாங்கி விளையாட்டைப் பார்த்த அமெரிக்க ராணுவம், பிராட்லி கவச வாகனத்தின் துப்பாக்கி வீரர்களுக்குப் பயிற்சி தர அதன் மாற்று வடிவத்தைக் கேட்டது. ராணுவத்துக்காக வேலை செய்ய மனமில்லாத வடிவமைப்பாளர் எட் ராட்பெர்க், தயக்கத்தோடுதான் அதைச் செய்து கொடுத்தார். 1983 மார்ச்சில் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன், வீடியோ கேம் ஆடும் சிறுவர்களிடம் வளரும் கண்–கை ஒத்திசைவு நாளைய போர் விமானிகளுக்கு உதவும் என்ற பொருளில் பேசினார்.

இதற்கு நேர்மாறான ஒரு முயற்சி 1985இல் வந்தது. கிறிஸ் கிராஃபோர்டின் 'பேலன்ஸ் ஆஃப் பவர்' ஆட்டத்தில் ஆடுபவர் அமெரிக்காவையோ சோவியத் ஒன்றியத்தையோ நடத்த வேண்டும். சிறிய நாடுகளின் கிளர்ச்சி, ராணுவ உதவி, கண்டனம் என ஒவ்வொரு விவகாரத்திலும் இரு வல்லரசுகளும் மாறி மாறி முறைத்துக்கொள்ளும். யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். பின்வாங்கினால் மதிப்பு குறையும். பிடிவாதம் பிடித்தால் அணுப்போர் மூளும். போர் மூண்டால் காளான் மேகமோ வாணவேடிக்கையோ கிடையாது. தோல்விக்குப் பரிசு தருவதில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் வந்து ஆட்டம் நின்றுவிடும். விட்டுக்கொடுக்கத் தெரிவதும் ஒரு திறமை என்று கற்றுத் தந்த கேம்கள் அதற்குப் பிறகும் அரிதாகவே வந்திருக்கின்றன.

மாஸ்கோவின் கட்டைகள்

1984இல் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் 'எலெக்ட்ரோனிகா 60' கணினியில் எழுதிய 'டெட்ரிஸ்' ஆட்டத்தில் எதிரியே இல்லை. விழும் கட்டைகளை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதன் உரிமைக்காக நடந்த சண்டை முழுக்க முழுக்க அரசியல். சோவியத் சட்டப்படி அந்த நிரல் அரசுக்குச் சொந்தம். வெளிநாட்டில் விற்கும் அதிகாரம் 'எலோர்க்' என்ற அரசு அமைப்பிடம் இருந்தது. பிரிட்டன் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லின் நிறுவனம் ஒருபுறம், நின்டெண்டோவுக்காக 1989இல் சுற்றுலா விசாவில் மாஸ்கோவுக்குப் போய் எலோர்க்கின் கதவைத் தட்டிய ஹெங்க் ரோஜர்ஸ் மறுபுறம். கையடக்கக் கருவிக்கான உரிமை ரோஜர்ஸ் வழியாக நின்டெண்டோவுக்குப் போக, 'கேம் பாய்' கருவியோடு சேர்ந்து டெட்ரிஸ் உலகமெங்கும் பரவியது. உருவாக்கியவருக்கு உரிமத்தொகை வரத் தொடங்கியது சோவியத் ஒன்றியம் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, 1996இல்தான்.

வரலாற்றை நடத்தும் விதிகள்

1991இல் சிட் மெய்யர் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' ஒரு நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து விண்வெளிக் காலம்வரை நடத்திச் செல்லும் ஆட்டம். அதில் காந்தி அணுகுண்டு வீசுவார் என்பது இணையத்தில் பிரபலமான கதை. காந்தியின் ஆக்ரோஷ எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, நிரல் பிழையால் உச்சத்துக்குப் போய்விட்டது என்பார்கள். அப்படியொரு பிழை முதல் ஆட்டத்தில் இருக்கவில்லை என்று மெய்யர் 2020இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் மறுத்துவிட்டார். ஆனால் 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில், காந்திக்கு அணு ஆயுத மோகம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

இந்த ஆட்டத்தைப் பற்றிய ஆழமான விமர்சனம் வேறு. எல்லாச் சமூகங்களும் நிலத்தைப் பிடிக்கவும் வளத்தைச் சுரண்டவும் அண்டை வீட்டாரை முந்தவும்தான் வாழ்கின்றன என்பதே அதன் அடிப்படை விதி. 2018இல் ஆறாம் பதிப்பின் கூடுதல் தொகுப்பில் கனடாவின் கிரீ பழங்குடித் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்த்தபோது, அவர் வழிவந்த பவுண்ட்மேக்கர் கிரீ சமூகத்தின் பிரதிநிதி ஒருவர் இதைத்தான் எதிர்த்தார். பிற மக்களை வென்று நிலத்தைப் பிடிப்பது குடியேற்றக்காரர்களின் எண்ணம்; அதைத் தம் முன்னோர்களின் தலையில் கட்டுவது தவறு என்பது அவர் வாதம். தலைவரின் முகத்தையும் இசையையும் உடையையும் எவ்வளவு மரியாதையோடு வரைந்தாலும், விதி மாறாதவரை கருத்து மாறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ராணுவம் ஆடுகளத்தில்

1996இல் அமெரிக்க மரைன் படை, 'டூம்' கேமைத் திருத்தித் தன் வீரர்களின் குழுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. 2002 ஜூலை 4 அன்று அமெரிக்க ராணுவம் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கேமைத் தானே இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களைப் படையில் சேர ஈர்ப்பதே நோக்கம். அதை ராணுவம் மறைக்கவும் இல்லை. இருபது ஆண்டுகள் ஓடி 2022இல் அது நிறுத்தப்பட்டது. இடையில் 2003இல் லெபனானின் ஹிஸ்புல்லா, இஸ்ரேலியப் படைகளை எதிர்த்துப் போரிடும் 'ஸ்பெஷல் ஃபோர்ஸ்' கேமை வெளியிட்டது. இரண்டும் ஒரே மாதிரியான துப்பாக்கி ஆட்டம், குறிவைக்கப்படுபவர்தான் வேறு.

அரசு நேரடியாகத் தலையிடாத வணிக கேம்களின் தாக்கம் இன்னும் பெரிது. 'கால் ஆஃப் டியூட்டி' வரிசையில் 2009இல் வந்த ஆட்டத்தில், ரஷ்ய விமான நிலையம் ஒன்றில் பயணிகளைச் சுட்டுக் கொல்லும் பயங்கரவாதிகளோடு ஆடுபவரும் நடந்து செல்லும் ஒரு கட்டம் உண்டு. ரஷ்யாவில் அது நீக்கப்பட்டது. 2019 பதிப்பில், ஒரு கற்பனை நாட்டில் 'மரண நெடுஞ்சாலை' என்ற இடம் வருகிறது. ரஷ்யப் படைகள் அங்கே குண்டு வீசியதாகக் கதை சொல்கிறது. உண்மையில் அந்தப் பெயர் 1991 பிப்ரவரியில், குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியர்கள் மீது அமெரிக்கா தலைமையிலான கூட்டணி விமானங்கள் குண்டு வீசிய சாலைக்கு வந்த பெயர். கற்பனை நாடு என்று சொல்லிவிட்டு, நடந்த ஒரு சம்பவத்தின் பெயரை எடுத்து, செய்தவரை மட்டும் மாற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். பாடநூலில் படிப்பதற்கு முன்பே அந்தப் பெயரை கேமில் சந்திக்கும் பதின்வயதினருக்கு, முதலில் மனதில் பதிவது இந்தத் திரிபுதான்.

சுடாதவர்களின் பக்கம்

கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் சிறிய குழுக்கள் உருவாக்கிய சில கேம்கள் இந்தப் போக்குக்குத் தகுந்த பதில் தந்திருக்கின்றன. லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தில் ஆடுபவர் ஒரு கற்பனை சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடி அதிகாரி. கடவுச்சீட்டு, அனுமதிச் சீட்டு, முத்திரை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விட வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். சரியாகப் பார்த்த ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. அதில்தான் வாடகை, குடும்பத்தின் சாப்பாடு, கணப்பு, மருந்து. ஒருநாள் ஒரு கணவர் வருகிறார். அவர் தாள்கள் சரியாக இருக்கின்றன. அடுத்து வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை, கெஞ்சுகிறார். விட்டால் எச்சரிக்கைச் சீட்டு வரும். எச்சரிக்கைகள் சேர்ந்தால் கூலி பிடிக்கப்படும். கொடுமை எப்படிச் சாதாரண மனிதர்களின் மாதச் செலவுக் கணக்கின் வழியே நடந்தேறுகிறது என்பதை ஆடுபவர் தம் விரல்களாலேயே உணர்கிறார்.

வார்சாவின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் உருவாக்கிய 'திஸ் வார் ஆஃப் மைன்', 1990களில் நடந்த சரயேவோ முற்றுகையின் அனுபவங்களிலிருந்து பிறந்தது. முற்றுகைக்குள் சிக்கிய நகரத்தில் சில பொதுமக்கள் உயிர் பிழைக்க வேண்டும். பகலில் அடுப்பு செய்வது, தண்ணீர் வடிகட்டுவது. இரவில் உணவும் மருந்தும் தேடிப் போவது. ஆயுதமற்ற ஒரு முதிய தம்பதியின் வீட்டில் மருந்து இருக்கிறது; எடுத்துக்கொள்ளலாம், தடுக்க யாருமில்லை. ஆனால் திருடிவந்தவர் மறுநாள் மனம் உடைந்து போகிறார். வேலை செய்ய மறுக்கும் அளவுக்கு அந்தச் சோர்வு வளரலாம். 2020இல் போலந்து அரசு, மேல்நிலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் இதைச் சேர்ப்பதாக அறிவித்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, இந்த ஆட்டத்தின் ஒரு வார வருமானத்தை நிறுவனம் உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தது.

பாலஸ்தீனத்தின் ரஷீத் அபூஐதா 2016இல் வெளியிட்ட 'லைலா அண்ட் த ஷாடோஸ் ஆஃப் வார்', 2014 காஸா போரில் ஒரு தந்தை தம் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடும் கதை. எந்த வழியைத் தேர்ந்தாலும் அவரால் முடிவதில்லை. ஆப்பிள் நிறுவனம் முதலில் இதை கேம் என்ற பிரிவில் ஏற்க மறுத்தது. எதிர்ப்பு வலுத்தபின் ஏற்றுக்கொண்டது. ராணுவ வீரரின் கண் வழியாகப் போரைக் காட்டும்போது, இது கேம்தானா என்ற கேள்வி பொதுவாக எழுவதில்லை. குண்டுக்குக் கீழே நிற்பவரின் கண் வழியாகக் காட்டியதும் எழுந்தது.

அனுமதி தரும் அரசுகள்

சீனாவில் கேம்கள் விற்க அரசு உரிமம் வேண்டும். 2021 ஆகஸ்டில், 18 வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே ஆன்லைன் கேம் ஆடலாம் என்று அரசு உத்தரவிட்டது. அந்தச் சந்தையை இழக்க விரும்பாத வெளிநாட்டு நிறுவனங்களும் சீன அரசின் மனநிலைக்கு ஏற்ப நடந்துகொள்கின்றன. 2019 அக்டோபரில் போட்டி முடிந்த பேட்டியில் ஹாங்காங் போராட்ட முழக்கத்தை எழுப்பிய வீரரை அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் ஓராண்டு தடை செய்து, பரிசுத் தொகையையும் பறித்தது. உலகளவில் எதிர்ப்பு எழுந்தது. பரிசைத் திருப்பித் தந்த நிறுவனம், தடையை ஆறு மாதமாகக் குறைத்தது. அதன் பிறகும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு கட்சி உறுப்பினர்களும் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். 2024 ஆகஸ்டில் வந்து மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்ற சீன கேம் 'பிளாக் மித்: வூகோங்' தொடர்பாக, ஒளிபரப்பாளர்கள் சிலருக்குத் தரப்பட்ட வழிகாட்டலில் அரசியல், கொரோனா, பெண்ணியம் ஆகியவற்றைப் பேசக் கூடாது என்றிருந்தது.

தணிக்கையை எதிர்க்கவும் கேம் உதவியிருக்கிறது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2020 மார்ச்சில் 'மைன்கிராஃப்ட்' உலகத்துக்குள் ஒரு நூலகம் கட்டியது. சவூதி அரேபியா, ரஷ்யா, எகிப்து, மெக்சிகோ, வியட்நாம் நாடுகளில் முடக்கப்பட்ட கட்டுரைகளை அதில் படிக்கலாம். கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜியின் எழுத்தும் அதில் உண்டு.

இந்தியாவில் கேம் வெளியுறவுக் கொள்கையின் கருவியானது 2020இல். ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தபின், ஜூன் இறுதியில் டிக்டாக் உட்பட 59 செயலிகளும், செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் முடக்கப்பட்டன. பப்ஜி தென்கொரிய ஆட்டம்; அதன் மொபைல் வடிவத்தில் சீனாவின் டென்சென்ட்டுக்குப் பங்கிருந்தது. தமிழ்நாட்டின் டீக்கடை வாசல்கள் வரை பரவியிருந்த ஓர் ஆட்டம், இமயமலை எல்லைத் தகராறால் நின்றது. கல்வானையே களமாகக் கொண்ட 'ஃபௌ-ஜி' 2021 குடியரசு நாளில் வெளியானது. தென்கொரியாவின் கிராஃப்டன், டென்சென்ட்டை விலக்கி, பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் 2021 ஜூலையில் பப்ஜியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதுவும் 2022 ஜூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் நிபந்தனைகளோடு மீண்டும் வந்தது. தேசப் பாதுகாப்பு என்ற காரணம் ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது. எந்தத் தரவு, எப்படி நாட்டுக்கு வெளியே போனது என்ற விவரம் மக்கள் முன் வைக்கப்படவில்லை.

பணமும் வரியும்

சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதி, பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் தலைமையில் இயங்குவது. அதன் சாவி கேம்ஸ் நிறுவனம் 2023இல் ஸ்கோப்லியை 490 கோடி டாலருக்கு வாங்கியது. 2025இல் 'போக்கிமான் கோ' ஆட்டத்தையும் அதன் வழியே வளைத்தது. 2025 செப்டம்பரில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. வாங்குபவர்களில் அந்த நிதியோடு, டொனால்ட் டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் நிறுவனமும் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, டென்சென்ட்டை சீன ராணுவத்தோடு தொடர்புடைய நிறுவனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஏப்ரலில் டிரம்ப் அறிவித்த இறக்குமதி வரிகளால் நின்டெண்டோ 'சுவிட்ச் 2' கருவியின் அமெரிக்க முன்பதிவைத் தள்ளிவைத்தது. பிறகு எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கருவிகளின் விலையும் அங்கே ஏறியது.

திரையும் போர்க்களமும்

செக் நாட்டின் போஹிமியா இன்டராக்டிவ் உருவாக்கிய 'ஆர்மா 3', ராணுவ நடவடிக்கைகளை நுணுக்கமாகக் காட்டும் கேம். அதன் காட்சிகளை உக்ரைன் போரின் நிஜப் படங்கள் என்று பலர் பரப்பியதால், 2022 நவம்பரில் நிறுவனமே அவற்றை இனம் காணும் வழிகளை விளக்க நேர்ந்தது. மங்கலான தரம், ஆடும் கேமரா, இருட்டு, மனிதர்கள் அருகில் தெரியாமை ஆகியவை அத்தகைய போலிக் காட்சிகளின் அடையாளங்கள். 2023 காஸா போரிலும், 2025 மே மாத இந்தியா–பாகிஸ்தான் மோதலிலும் இதே வகைக் காட்சிகள் செய்தி என்ற பெயரில் சுற்றின.

எதிர்த்திசையிலும் எல்லை அழிகிறது. உக்ரைனில் ட்ரோன் படைப்பிரிவுகள் அழித்த இலக்குகளுக்குப் புள்ளிகள் தரப்படுகின்றன. அந்தப் புள்ளிகளைக் கொடுத்துப் புதிய ட்ரோன்கள் வாங்கிக்கொள்ளலாம். அதே நாட்டின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு, ஊழியர்களில் ஒரு பகுதியினர் பிராகுக்குக் குடிபெயர, சிலர் களத்துக்குப் போக, 'ஸ்டாக்கர் 2' கேமை 2024 நவம்பரில் முடித்து வெளியிட்டது. இத்தொடரில் வேலை செய்த ஒருவர் பக்முத் போரில் உயிரிழந்தார். 2025இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, குடியேறிகளைக் கைது செய்யும் காட்சிகளைப் போக்கிமான் பாணியில் தொகுத்து வெளியிட்டது; தங்களிடம் அனுமதி பெறவில்லை என்று போக்கிமான் நிறுவனம் தெரிவித்தது. மனிதர்களைப் பிடிப்பதைப் புள்ளி சேர்க்கும் ஆட்டமாகக் காட்டுவது, ஓர் அரசு தன் அதிகாரத்தை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்கிறது.

பழையதும் புதியதும்

பழைய கேம்கள் புதியவற்றைவிட நல்லவை என்ற ஏக்கத்துக்கு ஆதாரம் குறைவு. அன்றும் ராணுவப் பயிற்சிக் கேம் இருந்தது. இன்றும் ஒரு தந்தையின் தவிப்பைச் சொல்லும் கேம் வருகிறது. மாறியிருப்பது அளவும் உரிமையும். தியூரர் போன்ற ஒருவர் தம் மனச்சாட்சிப்படி விதியை எழுத முடிந்தது, ஒரு கேமைச் சிலரே சில மாதங்களில் முடித்துவிட முடிந்ததால். இன்றைய பெரிய கேம்களுக்கு ஆயிரக்கணக்கானோர் உழைப்பும் பல நூறு கோடி முதலீடும் வேண்டும். அந்தப் பணத்தோடு உரிமம் தரும் அரசின் விருப்பமும், பங்கு வாங்கும் அரசின் நோக்கமும் உள்ளே வருகின்றன.

இந்த நிலையில் ரத்தத்தின் நிறத்தையும் வசைச் சொற்களையும் மட்டும் பார்க்கும் வயதுத் தரச் சான்றுகள் போதாது. ஒரு கேமில் யாரைக் கொன்றால் தண்டனை இல்லை, சண்டையிடாமல் வெளியேற வழி உண்டா, அதற்குப் பணம் போட்டவர் யார் என்ற கேள்விகளை விமர்சகர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்க வேண்டும். திரைப்படத்துக்கும் நாவலுக்கும் கிடைக்கும் அதே தீவிரமான வாசிப்பு கேமுக்கும் கிடைக்க வேண்டும். தடை செய்யும் அரசுகள் காரணத்தை மக்கள் முன் வைக்க வேண்டும். சிறு குழுக்களின் கேம்கள் கடைகளில் ஏற்கப்படும் விதிகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் ஆடும் ஒரு கலையின் விதிகளைச் சில அரசுகளும் சில முதலீட்டு நிதிகளும் மட்டும் எழுதுவது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல. போலந்து செய்ததுபோல் நல்ல கேம்களைப் பள்ளிக்குள் கொண்டுபோய், அவற்றின் விதிகளைப் பிரித்துப் பார்க்க மாணவர்களுக்குக் கற்றுத் தருவதே இதைச் சரிசெய்யத் தொடங்கும் இடம்.